விளிம்பிக்காய்

அடிமரத்திலேயே காய்க்கிற சாதி இது.
ஏற வேண்டாம், கொக்கத்தடி வேண்டாம்.
மாட்டுக்குக் கீழ குந்தி இருக்கிறமாதிரி இருந்து
ஒவ்வொண்டாய்க் கறந்தெடுக்கலாம்.

குருநகரில, எங்கட வேலியின்ர விளிம்பில,
எமல்டாவுக்குப் பாதி, எங்களுக்குப் பாதி.

தேசிக்காய் விலையேறின மாசங்களில
சூடைமீனுக்கு இதுதான் புளி.
ரெண்டாய்க் கீறிப்
பச்சைமிளகாயோட சட்டியில மூடிவிட்டால்
முள்ளுக்குள்ளயும் இறங்கும்.
மிச்சத்தை உப்பில பிரட்டி
பாயில மூண்டு வெயில்.
சுருங்கின காய் கனடாவுக்கும் போயிருக்கு,
மருமகளின்ர சூட்கேசில, ஒரு சோடிச் சொக்ஸுக்குள்ள.

பெருநாளுக்கு முதல் வியாழன்
கோயில் மெழுகுதிரிக்கால் பன்னிரண்டும்
எங்கட கிணத்தடிக்கு வரும்.
பிழிஞ்சு தேய்க்க
ஒரு வருசத்துக் கறுப்பு
பச்சைத் தண்ணியாய் ஓடும்.
விரல் நுனி ரெண்டு நாள் எரியும்.

ஆனால் கூடப் பிழிஞ்சது இவருக்குத்தான்.
யுவக்கீன், வள்ள இஞ்சின் திருத்துறவர்.
உப்புக்காத்தில இறுகின நட்டுகளைச்
சாற்றுப் பேணியில ஊறவிட்டு
விடிய எடுத்து என்ர உள்ளங்கையில வைப்பார்.
"பார், என்ன தின்னு தின்னிருக்கு."

கிளினிக்கில கொலஸ்ட்ரோல் எண்டு எழுதின அண்டு
எமல்டா வேலிக்கு மேலால சொன்னாள்:
"வெறுவயித்தில ஒரு கிளாஸ். தண்ணி கலக்கப்படாது."
இவர் யோசிக்காமல் குடிக்கேல்லை.
துருவைத் தின்னுறது
கொழுப்பை மட்டும் விடுமா எண்டதுதான்
அவற்றை கணக்கு.

நாலு நாள் குடிச்சார்.
அஞ்சாம் நாள் சலம் இல்லை.
முகம் ஊதி, சத்தி எடுத்து,
பெரியாஸ்பத்திரியில
ரத்தம் சுத்துற மெஷினுக்குப் பக்கத்தில
கட்டில் கிடைச்சது.
டொக்டர் பிள்ளைக்கு முப்பது வயசும் இராது.
"எத்தினை காய் பிழிஞ்சனீங்கள் அம்மா?"
"எண்ணேல்லை," எண்டன்.

ஆறுதரம் மெஷின். பிறகு
சிறுநீரகம் தானாய்த் திரும்பி வந்ததாம்,
கோபிச்சுக்கொண்டு போன ஆள் மாதிரி.

எமல்டா கத்தியோட வந்து
மரத்தடியில நிண்டாள்.
தன்ர பாதியையெண்டாலும் வெட்டப்போறாளாம்.
இவர் கதிரையில இருந்தபடி
"பாதி எப்பிடியடி வெட்டுறது" எண்டார்.
அவள் சிரிக்கவுமில்லை, வெட்டவுமில்லை.
அண்டு பின்னேரம் வேலிக்கு மேலால மீன்குழம்பு வந்தது,
பழப்புளி விட்டது.
நல்லாயில்லை. முழுக்கச் சாப்பிட்டம்.

இப்ப பேணியில சிவப்புப் பெயின்ரால
"இரும்புக்கு" எண்டு எழுதியிருக்கிறார்.

இந்த வியாழனும் மெழுகுதிரிக்கால் வந்திருக்கு.
குந்தி இருந்து பிடுங்குறன்.
வாய் தன்ர பாட்டில எண்ணுது.
அப்பவும் எண்ணினதுதான்.
முதல் நாள் பதினொண்டு,
அடுத்த நாளும் பதினொண்டு,
மூண்டாம் நாள் பதினாலு,
கடைசி நாள், கெதியாய்ச் சுகம் வரட்டும் எண்டு,
இருபது.