முப்பத்தெட்டு நிமிடம்

கூடுதாழையில் பஸ் திரும்ப
முப்பத்தெட்டு நிமிடம் உண்டு.
டிரைவர் செந்தூர்பாண்டி
கடைசி நீள சீட்டில் கால் நீட்டிவிடுவார்.
நான் தோல்பையோடு
செம்மண் வெளுத்து மணலாகும் இடத்தைத் தாண்டுவேன்.
பையைக் கழற்றக் கூடாது, விதி.
ஆயிரத்து நூற்றுப்பத்து ரூபாய் கலெக்‌ஷனைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கடல் பார்க்கிற ஆள்
இந்தக் கரையில் நான் ஒருவன்தான்.

செருப்பைக் கையில் எடுத்தால்
அடும்பங்கொடி காலைப் பிடிக்கும்.
ராவணன் மீசை உருண்டு வந்து
பேண்டில் ஒட்டி
டிக்கெட் வாங்காமல் திசையன்விளை வரை வரும்.

படகுகள் எல்லாம் கோயிலுக்குக் கிழக்கே.
இந்தப் பக்கம் சத்தம் கிடையாது.
அலை இருக்கிறது; அதைச் சத்தம் என்று
ஒரு மாதத்துக்குப் பிறகு காது எண்ணுவதில்லை.

உள்ளான்கள்.
அலை போகையில் பின்னால் ஓடி
அலை வருகையில் முன்னால் ஓடி,
பஸ்ஸைத் தவறவிட்ட கூட்டம் போல.
கால் மட்டும் நனையவே நனையாது.
எண்ணிப் பார்ப்பேன், எண்ணுவது என் பிழைப்பு.
நாற்பத்தொன்று வரை ஒருமுறை போனேன்.
அதற்குள் பாதிப்பேர் எழுந்து
நடு வழியில் இறங்கிவிட்டார்கள்.

ஞாயிறானால் பெருமாள்புரத்திலிருந்து
ஈனோக்கு சார் வருவார்,
தூண்டில் கம்பு, மடக்கு நாற்காலி, தொப்பி.
கம்பு மட்டும் பதினோராயிரம்.
"ஊளி கடிக்குதா சார்?"
"காத்து கடிக்குது."
இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு வியாகுலம்.
திரும்பாமலே சொல்வாள்:
"நீவாடு மாறிட்டு. உங்க கம்புக்கு
யாராவது அதச் சொல்லுங்க."
சார் சிரிப்பார். கம்பை அசைக்க மாட்டார்.

அன்றைக்கு ஈரமணலில்
ஓர் ஆலா நின்றது.
நின்றது என்பது தப்பு. ஒரு காலில்
விழாமல் இருந்தது.
மறு காலில் தங்கூசி,
சுற்றிச் சுற்றி, சதைக்குள்.
பச்சை நிறத் தங்கூசி.

சாருடைய ரீலும் பச்சை.
போன ஞாயிறு பாரில் சிக்கி அறுந்தது.
மூன்று பேருக்கும் தெரியும்.
மூன்று பேரும் கடலைப் பார்த்தோம்.

பிறகு நான் காக்கிச் சட்டையைக் கழற்றிப்
போர்த்திப் பிடித்தேன்.
வெறும் பனியன்மேல் தோல்பை.
வியாகுலம் பல்லால் மடக்குக் கத்தியைத் திறந்தாள்.
"பிடியும்வே, இறுக்காதயும்."
கைக்குள் ஒன்றுமே இல்லாத கனம்,
அதற்குள் மோட்டார் வேகத்தில் ஒரு நெஞ்சு.
ஒவ்வொரு சுற்றாக அறுந்தது.
சார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்,
பூசையில் நிற்பவர் மாதிரி.

கடைசிச் சுற்றில் அது என் விரலைக் கொத்தியது.
விட்டேன்.
தாழ்வாகப் போய், சரிந்து,
மறுபடி எழுந்து, வெளிச்சத்துக்குள் போய்விட்டது.
பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.
சார் அறுந்த துண்டுகளைப் பொறுக்கி
சட்டைப்பையில் போட்டார்.
அந்த ஞாயிறு அவர் அப்புறம் வீசவில்லை.
கரையோடு குனிந்துகொண்டே மேற்கே நடந்தார்,
ரொம்ப தூரம்.

ஆரன் மூன்று தரம்.
"கடலுக்கு டிக்கெட் கிழிக்கப் போனீராவே?"
முன் சீட்டு மீன்கூடை கத்தியது.
ஒவ்வொரு டிக்கெட்டிலும்
லேசாக ஒரு சிவப்பு.

ஒன்பது நிமிடம் தாமதம்.
காரணம் என்ற கட்டத்தில்
'ரயில்வே கேட்' என்று எழுதினேன்.
அந்த ரூட்டில் ரயிலே கிடையாது.
டைம்கீப்பர் படித்தார்,
என் விரலைப் பார்த்தார்,
பேண்டில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார்,
சீலைக் குத்தினார்.