அப்புறம் ஓடு

காசென்யி கரையில், தகரம் அடித்த கொட்டகையில்
ஐந்நூறு ஷில்லிங்குக்கு ஒரு பனிக்காலம் காட்டினார்கள்.
நாங்கள் பனி பார்த்ததில்லை.
மீன்பெட்டியில் கொட்டும் ஐஸைப் பார்த்திருக்கிறோம்.
என் கைகளில் முக்கேனே நாற்றம்.
பகலெல்லாம் அந்தப் பொடிமீன்களை வலையில் பரப்பிப் புரட்டியவள் நான்,
பதினாறு வயது.

திரைக்குப் பக்கத்தில் மைக்கும் ஒரு சோடா பாட்டிலுமாகக் கயோன்டோ.
எந்த ஊர்ப் படமானாலும்
எங்கள் லுகாண்டாவில் பேசவைப்பது அவன் வேலை.
என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன்.
அழுகிறவளுக்கும் அவன் குரல், அடிக்கிறவனுக்கும் அவன் குரல்,
நாய்க்கும்கூட.
அந்தப் படத்தின் மொழி அவனுக்குத் தெரியாது என்பது
எங்களுக்குத் தெரியும். யார் கேட்டார்கள்?

ஒருவன் கோட்டு திருடிக்கொண்டு ஓடுகிறான்.
முழங்கால்வரை பனி. பின்னால் நாய்கள்.
ஒரு கதவைத் தட்டுகிறான்.
திறந்த பெண் மேலும் கீழும் பார்க்கிறாள்.
கோட்டில், நெஞ்சருகே ஓரிடத்தில்
அவள் பார்வை நின்றுவிடுகிறது.
உதடு அசைகிறது.
கயோன்டோ கொஞ்சம் தாமதித்தான். பிறகு சொன்னான்:
"பொத்தான் அறுந்திருக்கு. உள்ளே வா, தைச்சுத் தரேன்.
அப்புறம் ஓடு."

அந்த இடத்தில் ஜெனரேட்டர் நின்றது.

இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
படகுக்காரன் செக்கிட்டோ, மனைவியைச் செருப்பால் அடிக்கிறவன்,
"தைச்சாளா? தைச்சாளா?" என்று
வீடு போகும்வரை கேட்டுக்கொண்டே வந்தான்.

மறுநாள் காலை லுபோவாவைப் பிடித்தார்கள்.
படகு எஞ்சினிலிருந்து பெட்ரோல் உறிஞ்சினானாம்.
பன்னிரண்டு வயதிருக்கும். மூச்சிலேயே பெட்ரோல் வாடை.
நேற்று அழுத கூட்டம்தான். அதே செக்கிட்டோ, கையில் துடுப்பு.
சொல்லிவிடுகிறேன், என் கையிலும் ஒரு கல் இருந்தது.
நல்ல உருண்டைக் கல், ஏரி வழவழப்பாக்கித் தந்தது.
எப்போது குனிந்து எடுத்தேன் என்று
இன்றுவரை நினைவில்லை.

அப்போது கூட்டத்தின் விளிம்பிலிருந்து
அந்தக் குரல், மைக் இல்லாமல்,
பெண்ணைப் போல:
"பொத்தான் அறுந்திருக்கு..."

ஒருத்தி சிரித்துவிட்டாள்.
பிறகு இன்னொருவன்.
லுபோவாவின் சட்டையில் பொத்தானே இல்லை, ஒன்றுகூட.
கருணை என்று சொல்லமாட்டேன்.
சிரிக்கும்போது கல்லைப் பிடித்திருப்பது கஷ்டம், அவ்வளவுதான்.
துடுப்பு ஏற்கெனவே ஒருமுறை இறங்கியிருந்தது.
முன்பல் இரண்டு போயிற்று.
அந்த ஓட்டை வழியே ரத்தம் துப்பிக்கொண்டே
பையன் ஓடினான். யாரும் துரத்தவில்லை.

சனிக்கிழமை எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான்.
எல்லாரும் அழும் இடத்தில் சிரித்தான்.
செக்கிட்டோ திரும்பிப் பார்த்துவிட்டு
வறுத்த கடலையைத் தின்னத் தொடங்கினான்.

ஒன்பது வருஷம் கழித்து, கம்பாலாவில்,
ஆஸ்பத்திரி இரவு ஷிஃப்டில், தேநீர் ஆறும் நேரத்தில்
என் போனில் அதே பனி. அதே கதவு.
கீழே எழுத்து ஓடுகிறது.
உதடு அசைகிறது:
"கதவைச் சாத்து. குளிருது."
வேறொன்றும் சொல்லவில்லை அவள்.
அடுத்த காட்சியில் அவளே போய்
போலீஸை அழைத்து வருகிறாள்.
கோட்டு அவள் அண்ணனுடையது.

தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

கயோன்டோவுக்குப் போன் போட்டேன்.
இப்போது சோலார் பேனல் விற்கிறான், அந்தக் குரலை வைத்துத்தான்.
எல்லாவற்றையும் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. எங்கோ ஒரு கோழி கத்தியது.
"முடிவை நான் பார்க்கவே இல்லையே, நஜ்ஜூமா.
ஜெனரேட்டர் நின்னுபோச்சு."
"அப்போ ஏன் பொத்தான்?"

"அவ அங்கேயேதானே
பார்த்துக்கிட்டிருந்தா" என்றான்.