ஒன்பது வந்த செவ்வாய்

சான் எலாடியோ ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம்.
பெருக்கல் வாய்ப்பாட்டை அழித்துவிட்டு
பொகோட்டாவிலிருந்து வந்த பேராசிரியை நோரா
கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டார்.
கிடையில் ராணுவம், நெடுக்கில் காட்டுக்காரர்கள்.
கட்டத்துக்கு இரண்டு எண்.
சாவை அவர் எண்ணாக்கிய விதம்
எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லவில்லை.
என் வேலை துப்பாக்கிகளை எண்ணுவது.

ஒரே ஒருமுறைதான் ஆட்டமென்றால்
விட்டுக்கொடுத்தவன் கெட்டுப்போவான்
என்றது பலகை.
இருவருமே முந்தப் பயந்தால்
கீழ்மூலைக் கட்டம்.
"அங்கேதான் என் அப்பா பிறந்தார்"
என்றான் படகோட்டி எலியேசர், யாரும் கேட்காமலே.

ஆகவே சமாதானத்தைப் பொடிப்பொடியாக நறுக்கினார்கள்.
செவ்வாய்தோறும்
பத்துத் துப்பாக்கிக்குப் பத்துக் கைதிகள்.
அடுத்த செவ்வாய் ஒன்று உண்டு என்பதே
இந்தச் செவ்வாய்க்குக் காவல்.

பதினோராவது செவ்வாய் ஒன்பதுதான் வந்தது.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
கொண்டுவந்த பையன் யெய்சனுக்குப் பதினேழு இருக்கும்,
இடுப்புவரை சேறு.
கோவேறு கழுதை ஆற்றில் புரண்டுவிட்டது என்றான்.
கர்னல் பௌதிலியோ லாரியைக் காட்டி
"ஒருவனை இறக்கு. கணக்குக்குக் கணக்கு" என்றார்.

நோராவின் சுண்ணாம்பு உடைந்தது.
"இங்கே ஒன்று குறைந்தால் அடுத்த வாரம் அங்கே,
பிறகு இங்கே. எதிரொலிக்கு ஓய்வே கிடையாது.
பத்தில் ஒருமுறை காது கேளாதவர்போல இருங்கள்."

"எந்தப் பத்தில், எந்த ஒன்று?"

அதற்கு அவரிடம் சூத்திரம் இல்லை.
லாரியின் கடைசியில் இருந்த அர்னுல்ஃபோ
அதற்குள் செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டிருந்தான்.

கர்னல் பையனிடம் போனார். நெடுநேரம் பார்த்தார்.
பையனோ அவரைப் பார்க்கவேயில்லை.
"அது அக்காவுடைய கழுதை" என்றான் தரையிடம்,
"அவளுக்கு இன்னும் தெரியாது."

லாரி கிளம்பியது, பத்துப் பேரோடு.

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில்
கழுதை என்று எழுதினேன்.
பொகோட்டா மூன்று முறை விளக்கம் கேட்டது.
அந்தத் துப்பாக்கி ஆற்றடியில் கிடக்கலாம்,
ஏதோவொரு கூரையின் ஓலைக்குள்ளும் இருக்கலாம்.
பன்னிரண்டாவது செவ்வாய் பத்து வந்தது.
பதினொன்று வரவேண்டாமா என்று
ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை ஒரு பெண் வந்தாள்,
கையில் அறுந்த கடிவாளம்.
நஷ்டஈடு யார் தருவது என்றாள்.
தாள்களைப் புரட்டினேன்.
அதற்குக் கட்டம் இல்லை.