முச்சந்தி வரை

முச்சந்தி வரைக்கும்தான் எங்களுக்கு.
அதற்கப்புறம் பறையும் பூவும் ஆம்பளைகளும்
உப்பனாற்றுப் பக்கம் போய்விட
நாங்கள் திரும்பி வந்து வீட்டைக் கழுவினோம்.
ஃப்ரீசர் பெட்டி இருந்த இடத்தில்
நீளமாய் ஓர் ஈரம்.
முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர் அப்பா.
கடைசி ராத்திரியும் அதிலேயே போச்சு.

தலை துவட்டும்போது சித்தி மகள் செல்லில்
வந்து விழுந்தது அந்த லிங்க்.
தமாமில் லீவு கிடைக்காத அண்ணனுக்காக
வேல்ராசு போட்டது.
குடும்பக் குரூப்பில் போட்டதால்
எங்களுக்கும் வந்துவிட்டது.

"பொம்பளைங்க பாக்கலாமாடி?"
அஞ்சலாட்சி அத்தை கேட்டாள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
ஈரக் கூந்தல்கள் முட்டிக்கொள்ள
உள்ளங்கை அகலத்துக்கு நெருங்கி உட்கார்ந்தோம்.

முதலில் வேல்ராசுவின் கால்.
பிறகு வானம்.
பிறகு படுக்கைவாட்டில் அப்பா,
இல்லை, படமே படுக்கைவாட்டில்.
ஏழு பேரும் ஒரே பக்கம் கழுத்தைச் சாய்த்தோம்.

வாய்க்கரிசிக்குப் போட
அங்கே ஒருத்தரிடமும் சில்லறை இல்லை.
"மாமாவுக்கு ஜிபே பண்ணிடவா?" என்றான் எவனோ.
சிரித்தார்கள்.
இங்கேயும் சிரித்துவிட்டோம்,
அம்மாகூட.

"இன்னும் கிட்ட காட்டு" என்று
திரையின் அடியில் எழுதினான் அண்ணன்.
காட்டினார்கள்.
"போதும்" என்று எழுதினான்.

அவன் சுற்றவேண்டிய சுற்றைத் தம்பி சுற்றினான்.
குடத்தில் முதல் ஓட்டை,
தோளுக்குப் பின்னால் தண்ணீர் பீச்சியது.
இரண்டாம் சுற்றில்
ஒரு கால் மண்ணிலும் ஒரு கால் காற்றிலுமாக
அப்படியே நின்றுபோனான்.
சித்தி மகள் செல்லைத் தூக்கிக்கொண்டு
வாசலுக்கு ஓடினாள், நாங்களும் பின்னாலேயே.
இன்றைய டேட்டா தீரப்போகிறது என்றொரு செய்தி.

மறுபடி வந்தபோது வெறும் புகை.
கொள்ளி வைத்ததை
தமாமிலும் பார்க்கவில்லை, இங்கேயும் பார்க்கவில்லை.
அத்தை ஒப்பாரிக்கு வாயெடுத்தாள்,
எந்தப் பக்கம் பார்த்து அழுவதென்று தெரியாமல்
முந்தானையால் செல்லைத் துடைத்தாள்.

அம்மா மட்டும் கண்ணை எடுக்கவில்லை.
புகைக்குப் பின்னால் எதையோ தொட்டுக் காட்டினாள்.
"வேம்பா அது?"
"பூவரசும்மா."
"ம்."

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
"கட்டிக்கிட்டு வந்து நாப்பத்தி மூணு வருசம்.
அங்க ஒரு மரம் இருக்குன்னு
ஒருத்தரும் சொன்னதில்ல."