நாவில்லாத புல்

ஒட்டுசுட்டான் கமநல சேவை நிலையம்.
உரமானியப் படிவத்துக்கு நின்ற வரிசையில்
பாஸ்டர் சாலமோன்ராஜா கேட்டார்:
"மிஸ், உங்கட அப்பப்பா குரங்கோ?"
வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.
மை வற்றிய முத்திரையை ஊதிக்கொண்டு
தவராசா அண்ணை சொன்னார்:
"மீன், ஆமை, பன்றி எண்டு
தசாவதாரத்தில எல்லாம் இருக்கு.
இதில புதுசா என்ன கூர்ப்பு?"

ஒருவருக்கு அது பொய். மற்றவருக்கு அது பழசு.
நடுவே நான், விவசாயப் போதனாசிரியை,
தலைக்கவசம் மடியில்.

குரங்கு அப்பப்பா இல்லை, பாஸ்டர்.
ஒன்றுவிட்டு, ஒன்றுவிட்டு,
எண்ணி முடியாத அளவு விட்ட மச்சான்.
வாருங்கள் உங்கள் வயலுக்கு.

முத்தையன்கட்டுத் தண்ணீர் பாயும் இரண்டரை ஏக்கர்.
இது நெல். இலை தண்டைப் பிடிக்கிற மூட்டில் நகத்தை வையுங்கள்.
வெள்ளையாக ஒரு சிறு நா தட்டுப்படும்.
இது நெற்சப்பி.
அதே பச்சை, அதே நிமிர்வு.
நா இல்லை.

நெல்லாக வேண்டுமென்று
இந்தப் புல் ஒருநாளும் நினைத்ததில்லை.
களை எடுத்த கைகள், தலைமுறை தலைமுறையாக,
கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கி வரம்பில் எறிந்தன.
படாதது பூத்தது. விதை கொட்டியது.
குனிந்து நிற்கிறவள்
நாவைப் பார்த்துப் பிடுங்குவதில்லை. அதனால்
நா மட்டும் முளைக்கவில்லை.

"எல்லாம் தற்செயலோ?" என்றார்.
வேறுபட்டுப் பிறந்தது தற்செயல்.
உங்கள் மனைவியின் கண்ணுக்குத் தப்பியது?

"வெறும் கொள்கைதானே மிஸ்."
மீளக்குடியேறிய வருடம் ஏக்கருக்கு ஒரு போத்தல் அடித்தீர்கள்.
இப்போது மூன்று. புல் நிற்கிறது.
மிச்ச இரண்டு போத்தலின் கடன் துண்டு
உங்கள் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

பிறகு அந்தப் போகங்கள்.
நாங்கள் முட்கம்பிக்குள் இருக்க
வயல் தன்பாட்டில் கிடந்த போகங்கள்.
மணியைக் கதிரில் இறுக்கிப் பிடித்திருந்த நெல்
வராத அரிவாளுக்குக் காத்து நின்று
கிளிக்கும் எலிக்கும் போனது.
முற்ற முன்னமே உதிர்த்த நெல்
மண்ணுக்குள் போனது.
திரும்பி வந்தபோது வயல் முழுக்க
உதிர்கிற நெல்.

மருந்துத் தாங்கியைத் தோளிலிருந்து இறக்காமல்
கூலிக்கு வந்த புவனலோஜினி கேட்டாள்:
"தக்கது தப்பும் எண்டு
பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்.
அப்ப என்ர அண்ணா
தகாதவனோ?"

வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம்.
எனக்கு உடனே வரவில்லை.

இல்லை.
ஷெல் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, புவனலோஜினி.
பங்கருக்குள் இடப்பக்கம் இருந்தானா வலப்பக்கம் இருந்தானா என்பது
எந்த விதைக்குள்ளும் எழுதப்படுவதில்லை.
தப்பிய எங்களுடைய பிள்ளைகள்
ஷெல்லுக்குத் தப்பத் தெரிந்து பிறக்கவில்லை.
தக்கது என்றால் நல்லது என்று பொருளில்லை.
ஒரு வயலில், ஒரு மாரிக்கு,
ஒரு புல்லுக்குச் சொல்லுகிற சொல்.
அதை உன் அண்ணாவுக்கு அளவெடுக்க
யாருக்கும் உரிமை இல்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பம்பை இரண்டு தரம் அடித்து
அடுத்த பாத்திக்குப் போனாள்.

பாஸ்டர் வரம்பிலேயே கண்ணை மூடி
என் பெயர் சொல்லி எனக்காக ஜெபித்தார்.
நல்ல மனுசன். நீளமான ஜெபம்.
வெயிலுக்குள் நின்றேன்.

அடுத்த காலபோகம், அதே வரிசை.
மேசைக்குக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல்:
"மிஸ், வேற மருந்து எழுதித் தாங்கோ.
பழசு அதுக்குப் பழகிப்போச்சு."

பழகேல்லை பாஸ்டர், என்று தொடங்கினேன்,
ஒரு புல்லும் பழகேல்லை, சாகாததுகள்தான் பெருகி…

வரிசை வாசல் தாண்டி நின்றது.
தவராசா அண்ணை முத்திரையை ஊதினார்.