பத்தே முக்கால் பனி

ஈஸ்டர் சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு
மைனஸ் நான்கு.
குடிலின் வாசலில் நேற்றைய சேறு
காலடி அச்சோடு உறைந்து கிடந்தது.
குடில் இன்னும் இருவர் பெயரிலும்தான்.
ஒற்றைப்படை நாட்கள் ஹால்வருக்கு, இரட்டைப்படை எனக்கு
என்று வக்கீல் எழுதித் தந்திருந்தாள்.
இன்று பத்தொன்பது. அவன் நாள்.
ஆனாலும் நேற்றே அழைத்தான்:
"பனி நன்றாக இருக்கும், தூரிட். வருகிறாயா?"

கிளிஸ்டர் மெழுகுக் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு
காப்பி குடித்தான்.
குளிரில் அது கல். கொஞ்சம் சூடு கண்டால்
பலாப்பிசின்.
விரலில், கதவுப்பிடியில், நாய் வாலில்,
வெண்ணெய்க் கத்தியில், எல்லாவற்றிலும் ஒட்டும்.
சறுக்குப் பலகையில் மட்டும் நண்பகலுக்குள் தேய்ந்துபோகும்.
போன வருடம் ஒட்டியது
என் நீலக் கையுறையில் இன்னும் இருக்கிறது.
மண்ணெண்ணெய்க்கும் அசையவில்லை.

ஏறும்போது பேசவில்லை.
பேசினாலும் கேட்டிருக்காது.
இரவெல்லாம் உறைந்த பனி
தகரக்கூரை மேல் யாரோ நாற்காலி இழுப்பதுபோல்
கரகரத்தது.
பிர்ச் மரம் ஒவ்வொன்றையும் சுற்றி
வெயில் ஒரு கிண்ணம் தோண்டியிருந்தது.
கிண்ணத்தின் அடியில் பழுப்புப் புல்,
போன கோடையின் ஆட்டுப் புழுக்கை.

உச்சியில் ஒன்பதேகால்.
"போகலாம்."
"இன்னும் இளகவில்லை. பொறு."
"பொறுத்தால் கூழாகிவிடும்."
இருபத்தாறு வருடமாக
இதே மூன்று வரிகளைத்தான்
மீன் வறுக்கும்போதும், பிள்ளை பெறுவதைப் பற்றியும்,
வீடு வாங்குவதைப் பற்றியும்
சொல்லிக்கொண்டிருந்தோம்.

போனான்.
முதல் வளைவு சரி. இரண்டாவதில்
எஃகு விளிம்பு பிடிக்காமல் வழுக்க,
முழங்கை, இடுப்பு, தொப்பி தனியாக,
கண்ணாடித் தட்டில் விட்ட பட்டாணிபோல
அறுபது மீட்டர் போய்
ஒரு சிவப்புப் புள்ளியாகி நின்றான்.
கை அசைத்தான்.
சிரிப்பும் கேட்டது, சற்றுத் தாமதமாக.

நான் ஆரஞ்சு உரித்தேன்.
ஈஸ்டருக்கு மலையில் ஆரஞ்சு தின்னாவிட்டால்
நார்வேயில் வரி கட்டாதவளைப்போலப் பார்ப்பார்கள்.
பையின் மேல் உட்கார்ந்து, மேல்சட்டையைக் கழற்றி,
கட்டைவிரலால் பனியை அழுத்திப் பார்த்தேன்.
ஒன்பதரைக்கு நகம்தான் வலித்தது.
பத்துக்கு லேசான ஈரம்.
பத்தரைக்கு மேல்தோல் ஒரு நூல் அளவு இறங்கியது.
பத்தே முக்காலுக்கு
விரலடியில் உதிர்ந்தது,
ஊறவைத்த ஜவ்வரிசியாய், மணி மணியாய்.

எப்படிச் சொல்வது.
நினைக்கும் முன் பலகை திரும்பியது.
வளைவுதோறும் அந்த மணிகள்
பக்கவாட்டில் எழுந்து, ஸ்ஸ் என்று
எனக்கு முன்னால் சரிந்து ஓடின.
என் முழங்காலுக்கு ஐம்பத்து மூன்று வயது இல்லை.
பன்னிரண்டு நிமிடம்
யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கீழே அவன் முழங்கைச் சிராய்ப்பில்
பனியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.
"பார்த்தேன்" என்றான்.
மிச்ச ஆரஞ்சை நீட்டினேன்.

காட்டு நிழலில் வியாழக்கிழமைப் புதுப்பனி
இன்னும் மாவாக இருந்தது.
கிளிஸ்டரில் அப்பி அப்பி
பலகைக்கடியில் ஒரு சாண் கட்டி.
உயரக் குதிகால் செருப்பில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல்
தடுமாறி நடந்தோம்.
சுரண்ட எதுவுமில்லையே என்றேன்.
பையிலிருந்து வெண்ணெய்க் கத்தியை எடுத்தான்.

ஒரு மணிக்கு மலை தோளைக் குலுக்கியது.
பெரிய சத்தமில்லை.
லாரியிலிருந்து ஈரச் சிமென்ட் இறங்குவதுபோல்
சரிவு மெதுவாக, முழுதாக, கீழே வந்து
என் வளைவுகளை மூடியது.
அவனுடைய அறுபது மீட்டரையும்.
பத்தே முக்காலில் நான் உட்கார்ந்திருந்த இடம் மட்டும்,
ஆரஞ்சுத் தோலோடு, அப்படியே.
"இதற்கு ஏதாவது அர்த்தம் சொல்லாதே" என்றேன்.
"நான் வாயே திறக்கவில்லையே."

கடைசி அரை மைல் பனியே இல்லை.
பலகைகளைத் தோளில் போட்டு
ஓடை உளறும் பக்கமாக, நனைந்த புல்லில் இறங்கினோம்.
வாசல் வெப்பமானியில் பிளஸ் ஒன்பது.
நாளை இருபது. என் நாள்.
இரவு உறையுமா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு
வண்டியை எடுத்தான்.
மேகமில்லை.
உள்ளே போகக் கதவுப்பிடியில் கை வைத்தேன்.
ஒட்டியது.