ஒரு மணித்தியாலம்

ஒன்பது தசம் ஒன்று.
தாளின் ஓரத்தில் அம்புக்குறி கீழே பார்க்கிறது.
டொக்டர் ஃபர்ஸானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"என்ன சாப்பிடுறனீங்கள்?"
சோறு என்றேன். பருப்பு என்றேன்.
பிறகு, களவு பிடிபட்டவள் மாதிரி,
மீன் இல்லை, முட்டை இல்லை, பாலும் இல்லை என்றேன்.

போன கிழமை கொள்ளுப்பிட்டி தாண்டி
ரயில் கம்பியைப் பிடித்தபடி நின்றபோது
கடல் எழும்பி ஜன்னலுக்கு மேலே போனது.
யாரோ இடம் தந்தார்,
வயிற்றில் பிள்ளை என்று நினைத்திருப்பார்.
நான் திருத்தவில்லை.

அவர் ஏசவில்லை. மீன் சாப்பிடச் சொல்லவுமில்லை.
எழுதினார்:
பி பன்னிரண்டு, குளிசை. அது எந்த மரத்திலும் காய்க்காது.
கௌப்பி, கடலை, எள்ளு, குரக்கன்.
கீரைக்குத் தேசிக்காய், அடுப்பால் இறக்கின பிறகு.
கடைசியில் இரண்டு முறை அடிக்கோடிட்டு:
சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி இல்லை.

மற்றதெல்லாம் சுகம்.
மீனை விட்டதும் சுகம்தான்.
தெஹிவளைச் சந்தையில் ஒருநாள் ஒரு சுறாக்குட்டி
வாயை மூடாமல் என்னைப் பார்த்தது. அவ்வளவுதான்,
அதற்குமேல் தத்துவம் ஒன்றும் இல்லை.

ஆனால் பன்னிரண்டரைக்கு,
சாப்பாட்டுப் பெட்டி கழுவிய ஈரக்கையோடு
இரேஷாவும் நானும்
ஒஃபிஸ் பின்படிக்கட்டில் குடிக்கும் பிளேன்டீ,
ஒரு துண்டுக் கருப்பட்டியை இரண்டாய்க் கடித்து
மனேஜரையும் வீட்டு வாடகையையும் சேர்த்துத் திட்டி,
பதினொரு வருடமாக.
இரும்பைத் திருடுவது அதுதானாம்.

வெள்ளவத்தைச் சந்தையில்
நான் பொன்னாங்காணி என்கிறேன்,
பக்கத்தில் நிற்பவள் முகுணுவென்ன என்கிறாள்.
விற்கிறவன் இருவருக்கும்
ஒரே விலையைக் கூட்டிச் சொல்கிறான்.
இரண்டு பிடி வாங்கினேன். தேசிக்காய் ஐந்து.
கௌப்பியை இரவே ஊறப் போட்டுவிட்டு
படுத்தபின் எழும்பி ஒருதரம் பார்த்தேன்,
ஊறுகிறதா என்று.

இரேஷாவுக்குச் சொன்னபோது
கோபம் வந்தது, என்னோடு அல்ல, தேயிலையோடு.
மறுநாள் தனிப் பொதியில் சம்பல் கொண்டுவந்தாள்.
"உம்பலகட இல்ல, சத்தியமா."
அப்படியென்றால் முந்தின சம்பல்களில்?
நான் கேட்கவில்லை. அவள் கீழே பார்த்தபடி
தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்தாள்,
விதை என் சோற்றில் விழுந்தது.

இப்போது பிளேன்டீ ஒன்றரைக்கு.
படிக்கட்டில் வெயில் எங்கள் படிக்கு வந்துவிடுகிறது,
ஒரு படி கீழே இறங்கி உட்காருகிறோம்.
மனேஜர் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்க்கிறார்.
"டொக்டர் சொன்னது, சேர்," என்கிறாள் இரேஷா.
அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.